கடுக்காய் குடித்த தரை

அத்தியாயம் 11

ஆம்பூர் புது வீட்டின் நடு ஹாலில் பூக்கல் பதித்து முடித்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்காக நாலு வரி.

வீடு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கட்டியது. அண்ணன் இஷ்தியாக் அகமது, பாலாற்றோரம் தோல் பதனிடும் ஷாப்பைப் பார்த்துக்கொள்கிறவர். தம்பி நிசார் அகமது, பதனிட்ட தோலை மதராஸுக்குக் கொண்டுபோய்ப் பெரியமேட்டில் விற்று வருகிறவர். இருவருக்கும் நடுவில் பிறந்தவள் பில்கிஸ். குழந்தை இல்லாமல் விதவையாகி, பன்னிரண்டு வருஷமாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள். பெற்றோர் இருவரும் இப்போது இல்லை. ஷாப்பின் கடிதங்களை எழுதுவது பில்கிஸ்தான். அவள் எழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

புது வீட்டில் அவளுக்கு ஓர் அறை உண்டு. ஹாலின் வடக்குக் கோடியில், நட்ட நடுவில் கதவு வைத்த அறை. அந்த அறைக்கு அந்த ஒரு கதவுதான்.

நிசார் பத்து நாளைக்கு முன்னால் ஒரு யோசனை சொன்னார். ஹாலை வடக்குத் தெற்காகப் பிரித்து நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிடலாம். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தனக்கு. அவர் மனைவி அக்தர் பானு பிரசவத்துக்காகப் பேரணாம்பட்டில் தாய் வீட்டில் இருக்கிறாள். குழந்தையோடு வரும்போது தனி அடுப்பு, தனி வாசல் இருக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். இஷ்தியாக் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

சுவர் வந்தால் அதன் வடக்கு முனை நேராகப் பில்கிஸின் கதவில் போய் இடிக்கும். இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பில்கிஸும் சொல்லவில்லை.

இன்று வியாழக்கிழமை. ஹாலுக்குக் கம்பளம் நெய்ய அளவு எடுத்துப்போக வாலாஜாபேட்டையிலிருந்து ஹயாத் பாஷா வருகிறார். மூன்று மணி பாசஞ்சரில் அவர் திரும்ப வேண்டும். கம்பளம் ஒன்றா இரண்டா என்பதை அதற்குள் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் சுவர் உண்டா இல்லையா என்பதும் முடிவாகிவிடும்.

●

காலை எட்டு மணிக்குத் திரை கட்டிய ஜட்கா வண்டியில் பில்கிஸும், இஷ்தியாக்கின் மனைவி அன்வரி பேகமும் வந்து இறங்கினார்கள். மூர்த்தி மேஸ்திரி ஹால் வாசலில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். பதினைந்து வருஷமாக இந்தக் குடும்பத்துக்கு வேலை செய்கிற ஆள். அவர் எதிரில் தலைத்துணியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டால் போதும்.

"உள்ளாற போவாதீங்கம்மா. மொதலாளி வந்துரட்டும்."

"ஏன், பாம்பா?" என்றாள் அன்வரி.

"பாம்புன்னாத் தேவலாம். அடிச்சுப் போட்டுருவேன்."

அன்வரி அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹாலின் கிழக்குப் பாதியில் மஞ்சள் இதழும் சிவப்பு நடுவும் பச்சை இலையுமாகப் பூக்கல் பளபளத்தது. மேற்குப் பாதி கறுப்பாகக் கிடந்தது. யாரோ அடுப்புக்கரியை அரைத்துப் பூசியது போல.

"யா அல்லா! இன்னா மேஸ்திரி இது? பூவெல்லாம் எங்க?"

"பூ அடியிலதான் இருக்குது."

"அடியில இருந்து இன்னா பண்றது? நான் தரைக்கு அடியிலயா பாயப் போட்டு உக்காரப் போறேன்?"

நடந்தது இதுதான். பூக்கல் என்பது சூளையில் சுடுகிற ஓடு இல்லை. அதில் நெருப்பே கிடையாது. ஒரு சதுர இரும்பு அச்சுக்குள் பூவின் வடிவத்தில் பித்தளைத் தகட்டால் தடுப்பு வைப்பார்கள். இதழுக்கு ஒரு தடுப்பு, இலைக்கு ஒரு தடுப்பு. ஒவ்வொன்றிலும் அந்தந்த நிறத்துச் சிமெண்ட் குழம்பை ஊற்றிவிட்டுத் தகட்டை மெல்லத் தூக்கினால், நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கும், ஒன்றோடொன்று கலக்காது. அதன் முதுகில் உலர்ந்த சிமெண்டையும் மணலையும் கொட்டி இயந்திரத்தில் ஒரே அழுத்தாக அழுத்திக் கல்லாக்குவார்கள். அப்புறம் அதற்கு வேண்டியது தண்ணீர் மட்டும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். தண்ணீரைக் குடித்துத்தான் அது இறுகுகிறது.

அதனால் தரையில் பதித்த பிறகும் எட்டு நாள் தண்ணீர் நிற்க வேண்டும். ஹால் மேற்குப் பக்கமாகச் சற்றுச் சாய்வு. ஒரே குளமாகத் தேக்கினால் தண்ணீர் எல்லாம் மேற்கே ஓடிக் கிழக்குப் பாதி காய்ந்துபோகும். ஆகவே மூர்த்தி நான்கு சுவரோரமும் களிமண் வரப்புப் போட்டு, நடுவிலும் வடக்குத் தெற்காக ஒரு வரப்புப் போட்டு, நெல் வயல் போல இரண்டு பாத்தி கட்டினார். இதுவரை தப்பில்லை.

தப்பு இஷ்தியாக்குடையது. அவர் தகப்பனார் காலத்து வீடுகளில் எல்லாம் சுண்ணாம்புத் தரை. சுண்ணாம்பை அரைக்கும்போது கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்தால் தரை பாறை போல இறுகும். எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். தோல் ஷாப்பிலோ கடுக்காய்க்குப் பஞ்சமே இல்லை. ஆவாரம் பட்டையில் ஊறி எழுந்த தோலுக்கு நிறம் தெளிவதற்காகக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் கொடுப்பது வழக்கம். சுண்ணாம்புக்கு நல்லது சிமெண்டுக்கும் நல்லதாகத்தானே இருக்கும்? ஷாப்பிலிருந்து ஆறு பீப்பாய் கடுக்காய்த் தண்ணீர் மாட்டுவண்டியில் வந்தது. இன்று காலை மூர்த்தி பாத்தித் தண்ணீரை வடித்துவிட்டபோதுதான் கறுப்பு தெரிந்தது.

"நீங்க வேணாம்னு சொல்லல?" என்று பில்கிஸ் கேட்டாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். மொதலாளி ஆசையா அனுப்பிச்சிருக்காரு. ஆனா எனக்கே கொஞ்சம் சந்தேகம். இந்தக் கல்லுக்குப் பழக்கமில்லாததாச்சேனு மேக்கால பாத்தில மட்டும் ஊத்துனேன். கெழக்கால கெணத்துத் தண்ணி."

"அப்போ சந்தேகத்துக்குப் பாதி, மரியாதைக்குப் பாதி" என்றாள் அன்வரி.

பில்கிஸ் கறுத்த பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தாள். விரலால் தேய்த்தாள். வரவில்லை. முகர்ந்து பார்த்தாள், புளித்த வாடை. அப்புறம் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே போனாள். மஞ்சள் இதழ் இருந்த இடம் மையிருட்டு. சிவப்பு நடுவும் அப்படியே. வெள்ளைத் தளம் சாம்பல் பூத்திருந்தது. பச்சை இலை மட்டும் பச்சையாகவே இருந்தது.

"பாபி, இது அழுக்கு இல்ல" என்றாள் அண்ணியிடம். "இது மசி."

●

இஷ்தியாக் ஒன்பதரைக்கு வந்தார். கனத்த உடம்பு, மெல்ல நடக்கிறவர். ஹாலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

பில்கிஸ் விளக்கினாள். ஷாப்புக் கடிதங்கள் எழுத வேண்டிய மசியை அவளே வீட்டில் காய்ச்சுகிறாள். கடுக்காயை நசுக்கி ஊறவைத்து, அதில் அன்னபேதி உப்பைப் போடுவாள். பழுப்பாக இருக்கும் தண்ணீர் கண்ணெதிரே கறுத்துப்போகும். அன்னபேதி என்பது இரும்பிலிருந்து வருகிற உப்பு. கடுக்காயும் இரும்பும் எங்கே சந்தித்தாலும் மசிதான்.

"இதுல இரும்பு எங்க இருக்குது?" என்றார் இஷ்தியாக்.

"நிறத்துல, பாய்ஜான். மஞ்சளுக்கும் செவப்புக்கும் காவி மண்ணுதானே போடறாங்க? காவிக்கு அந்த நெறம் வர்றதே இரும்பாலதான். பச்சைக்கு வேற சரக்கு. அதான் இலை கறுக்கல."

இஷ்தியாக் கறுத்த கல்லைக் காலால் தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. ஷாப்பில் கடுக்காய்த் தொட்டி இருக்கும் கொட்டகைக்குள் இரும்பு வாளி நுழையக் கூடாது; மரமும் மண்பானையும்தான். ஓர் ஆணி விழுந்தாலும் ஒரு தொட்டித் தோலில் நீலக் கறை ஏறிவிடும். பூவிலே இரும்பு இருக்கும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

அன்வரி விடவில்லை. "ஷாப்புல ஒருத்தன் இரும்பு வாளியத் தொட்டா ஆலங்காயம் வரைக்கும் கேக்குற மாதிரி கத்துவீங்க. இங்க வாளியே தரையா இருந்திருக்கு."

"சரி, சரி."

"எடுக்க வழி இருக்குதா பாருங்க" என்றார் மூர்த்தி. "துணியில மசி பட்டா எலுமிச்சம்பழம் தேய்க்கறாங்களே."

பழம் வந்தது. பில்கிஸ் சுவரோரம் ஒரு மூலையில் பாதி மூடியை வைத்துத் தேய்த்தாள். கறுப்பு நிஜமாகவே விலகியது. அன்வரி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், கல்லின் மேல் பொடிப்பொடியாக நுரை பொங்கியது. துடைத்துப் பார்த்தபோது மசியும் போயிருந்தது, மஞ்சளும் போயிருந்தது, பளபளப்பும் போயிருந்தது. புளிப்பு சிமெண்டைத் தின்னும். துணிக்கு மருந்தாக இருப்பது தரைக்கு விஷமாகிறது.

"அப்போ மூணு வழிதான்" என்றார் மூர்த்தி. "மேக்குப் பாதியப் பேத்துட்டு மதராஸுக்கு மறுபடி எழுதி வேற கல்லு வரவழைக்கணும், ரெண்டு மாசம் ஆவும். இல்லாட்டிக் கடப்பைக்கல்லப் போடலாம். அது மொதல்லயே கறுப்பு, இனிமே கறுக்க ஒண்ணுமில்ல. இல்லன்னா கம்பளத்தப் போட்டு மூடிட்டு உக்காந்துக்கலாம்."

"கம்பளம்" என்றார் இஷ்தியாக். "ஒரே கம்பளம். ஹால் முழுக்க. கறுப்பு வெள்ளை எதுவும் தெரியக் கூடாது."

பில்கிஸ் எலுமிச்சை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். ஒரே கம்பளம் என்றால் சுவர் இல்லை. பத்து நாளில் முதல் தடவையாக யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு செய்த வெட்கத்தில் சொன்னாலும், சொன்னது சொன்னதுதான்.

●

நிசார் பதினொரு மணிக்கு வந்தார். மதராஸ் சட்டை, கையில் குடை. ஹாலுக்குள் நுழைந்தவர் சிரித்துவிட்டார்.

"பலே, பாய்ஜான். நான் சொவருதான் கேட்டேன். நீங்க வரப்பே போட்டுக் குடுத்துட்டீங்க!"

"சிரிக்காத. போற போக்குல நடந்துபோச்சு."

"நடந்தது நடந்துது. ஆனா எம் பக்கத்துலயே நடந்துச்சு பாருங்க. அதான் வேடிக்க. கெழக்க உங்க பாதி கண்ணாடி மாதிரி இருக்குது. மேக்க எம் பாதி கரிமூட்டம் போட்ட மாதிரி இருக்குது. அக்தர் வந்து பாத்தா இன்னா சொல்லுவா? 'உங்கண்ணன் உங்களுக்குப் பிரிச்சுக் குடுத்த லட்சணம் இதா'னு கேப்பா."

"யாருடா பிரிச்சாங்க? ஒரே கம்பளம் போடப் போறோம்."

"போடுங்க. அதுக்கு மேல சொவரு எப்படி நிக்கும்?"

"நிக்காது."

 மூர்த்தி தொண்டையைக் கனைத்தார். அவருக்கு ஒரு பக்கமும் இல்லை. வேலை எதுவென்று தெரிந்தால் போதும்.

"சின்ன மொதலாளி, தப்பா நெனைக்காதீங்க. சொவரு வர்றதுன்னா ஒண்ணு கேட்டுக்கணும். அம்மா ரூமு வாசக்காலு நட்ட நடுவுல நிக்குது. அத அடைச்சுட்டு எந்தப் பக்கமா ஒடைக்கிறது? கெழக்கயா, மேக்கயா?"

பத்து நாளாக வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. நிசார் கதவைப் பார்த்தார், இப்போதுதான் அது அங்கே முளைத்தது போல.

"மேக்க" என்றார். "கொழந்த பொறக்கப் போவுது. அக்தருக்கு ஒண்ணும் தெரியாது. ஆபா எங்க பக்கம் இருந்தாத்தான் சரி."

"அதெப்படி?" என்றாள் அன்வரி. "ஷாப்புக் கடிதாசி எல்லாம் யாரு எழுதறது? எனக்கு முட்டிவலி, கிச்சன யாரு பாக்குறது? பில்கிஸ் எங்க பக்கந்தான்."

"ஆபாவையே கேப்போம். நீயே சொல்லு ஆபா. எந்தப் பக்கம்?"

நிசார் அக்காவிடம் பிரியமாகத்தான் கேட்டார். இரண்டு வீட்டுக்கும் அவள் வேண்டும். ஒரு பக்கம் கதவு வைத்தால் மறுபக்கம் அவள் விருந்தாளி. ஒவ்வொரு நாளும் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டும். வைத்த பக்கத்தில் அவள் யார் என்பதும் அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பைப் பொறுத்தது.

"ரூம்ல ஒரு ஜன்னல் இருக்கே, மேஸ்திரி" என்றாள் பில்கிஸ். "அது வழியா ஏறிக் குதிச்சு ரெண்டு பக்கமும் போய்ட்டு வரட்டுமா?"

மூர்த்தி சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

●

ஹயாத் பாஷா மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தார். மருதாணி போட்ட தாடி, ஒல்லியான ஆள், நிறையப் பேசுவார். வெளி ஆள் என்பதால் பில்கிஸும் அன்வரியும் அறைக்குள் போய்விட்டார்கள். கதவு நிலையில் ஒரு பூப்போட்ட படுதா தொங்கியது. படுதாவுக்குப் பின்னால் பலகையும் தாளும் பேனாவுமாகப் பில்கிஸ் உட்கார்ந்தாள். சொல்வதை அவள் எழுதிக் கையை நீட்டித் தர வேண்டும்.

ஹயாத் பாஷா மாதிரித் துண்டுகளைக் கறுத்த தரைமேல் பரப்பினார்.

"அட, தரை பிரமாதம். இந்தக் கறுப்பு எங்க வாங்கினீங்க?"

"வீட்லயே பண்ணது" என்றார் நிசார்.

"இது மேல செவப்பு போட்டா எடுத்துக் காட்டும். ஆனா எங்கிட்ட மட்டும் கறுப்பு கேக்காதீங்க, பாய் சாகிப். கோட்டுக்குக்கூடக் கறுப்பு வெக்க மாட்டேன். ரோமத்தக் கறுப்பாக்க இரும்பு சேத்துச் சாயம் காய்ச்சணும். பத்து வருஷத்துல அந்த ரோமம் மட்டும் பொடியா உதுந்துடும். பூ நிக்கும், கோடு போய்டும். நான் கருநீலந்தான் போடறது."

அவருக்குத் தன் தொழிலைச் சொல்வதில் ஆசை. கேட்காமலே தறியை விளக்கினார். கம்பளத் தறி படுத்திருக்காது, சுவர் போல நிமிர்ந்து நிற்கும். மேலே ஒரு உருளை மரம், கீழே ஒரு உருளை மரம். இரண்டுக்கும் நடுவே பருத்தி நூல் நெருக்கமாக இழுத்துக் கட்டியிருக்கும். அதுதான் பாவு. எதிரில் பலகைமேல் நெசவாளிகள் வரிசையாக உட்காருவார்கள். ஒருவர் நிறங்களைப் பாட்டுப் போல உரக்கச் சொல்லிக்கொண்டே போவார்: ரெண்டு செவப்பு, ஒரு வெள்ளை, மூணு நீலம். மற்றவர்கள் இரண்டிரண்டு பாவு நூலாகப் பிடித்து ரோமத்தை முடிச்சுப் போட்டு, கத்தியால் வெட்டுவார்கள். ஒரு வரிசை முடிந்தால் சீப்பால் இறக்கித் தட்டுவார்கள். பிறகு அடுத்த வரிசை.

"நீளத்தப் பத்திக் கவலப்படாதீங்க. முன்னப் பின்ன ஆனாலும் கடைசில சரிக்கட்டிக்கலாம். அகலம் அப்படி இல்ல. எத்தன பாவு கட்டினமோ அதான் அகலம். கட்டிட்டா ஒரு நூல் கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. சனிக்கெழம பாவு ஏத்தறோம். அதனால அகலம் மட்டும் இப்ப சொல்லிடுங்க."

"பதினாறு அடி" என்றார் இஷ்தியாக். "ஹால் பதினெட்டு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி விட்டு, ஒரே கம்பளம்."

"ஏழரை ஏழரையா ரெண்டு" என்றார் நிசார்.

ஹயாத் பாஷா தாடியைத் தடவினார். "பதினாறுக்குப் பெரிய தறி. ஏழரைக்குச் சின்னத் தறி. ரெண்டும் காலி. எனக்கு எதுவும் சம்மதம்."

"ரெண்டா நெய்ஞ்சு பின்னால சேத்துத் தெச்சுக்க முடியாதா?" என்று இஷ்தியாக் கேட்டார்.

"தெய்க்கலாம். ஒவ்வொண்ணுக்கும் நாலு பக்கமும் கரை இருக்கும். சேத்தா நடுவுல ரெட்டைக் கரை ஓடும். பாக்குறவங்களுக்கு அங்க ஒரு சொவரு இருந்து இடிச்ச மாதிரித் தெரியும்."

நிசார் அண்ணன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"பாய்ஜான், ஒண்ணு கேக்குறேன். கடுக்காய்த் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி யாரக் கேட்டீங்க? எங்கிட்டக் கேட்டீங்களா? எம் பணமும் அந்தக் கல்லுல இருக்குது. நீங்களே முடிவு பண்ணீங்க, நீங்களே ஊத்துனீங்க. இப்போ மூடி மறைக்கக் கம்பளமும் நீங்களே முடிவு பண்றீங்க. இதுக்குத்தான் சொவரு கேக்குறேன். சண்டைக்கு இல்ல."

இஷ்தியாக் மேற்குப் பாதியைப் பார்த்தார். அவருக்கு வாதாடத் தெரியும்; ஷாப்பில் நாள் முழுக்க அதுதான் வேலை. ஆனால் தரை எதிர்சாட்சியாகக் காலடியில் கிடந்தது.

"சரி" என்றார். "நீ சொல்றது நியாயம். கறுத்த பக்கம் நான் எடுத்துக்கறேன். நல்ல பக்கம் நீ எடுத்துக்க. பில்கிஸ், ரெண்டுன்னு எழுதிடும்மா. ஏழரைக்கு ரெண்டு."

தாளை வாங்கப் படுதா பக்கம் கையை நீட்டினார்.

"எழுதிட்டியா?"

"இல்ல, பாய்ஜான்."

"ஏன், மசி இல்லியா?" என்றார் நிசார்.

"மசி இருக்குது. கணக்கு சரியா வரல." பில்கிஸின் குரல் கடிதம் வாசிக்கும்போது வருகிற குரலாகவே இருந்தது. "ஹால் அகலம் பதினெட்டு அடி. இந்த நெலம் அப்பாஜான் வாங்கினது. யாருக்கும் எழுதிவெக்காம மௌத்தாய்ட்டாங்க. அப்போ நாம மூணு பேர். பையனுக்கு ரெண்டு பங்கு, பொண்ணுக்கு ஒரு பங்கு. ரெண்டும் ரெண்டும் ஒண்ணும் அஞ்சு. பதினெட்ட அஞ்சால வகுத்தா மூணடி ஏழங்குலம் வருது, கொஞ்சம் மிச்சம். அது என்னுது."

யாரும் அவளை மறுக்க முடியாது. ஷரீஅத் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஊர் வழக்கம் வேறு. சகோதரிகள் பங்கைக் கேட்பதில்லை. சகோதரர்கள் மறுப்பதும் இல்லை, ஏனென்றால் கேள்வியே எழுவதில்லை. பெருநாளுக்குப் புடவை வரும், பிரசவத்துக்குத் தாய் வீடு இருக்கும், விதவையானால் ஓர் அறை இருக்கும். அந்த அறைக்குக் கதவு இருக்கும்வரை யாருக்கும் கணக்குப் போடத் தோன்றாது. பில்கிஸ் எந்தத் தாளிலும் பங்கை விட்டுக்கொடுத்து எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

"சொவரு ஒம்போது அங்குலந்தான், ஆபா" என்றார் நிசார் மெதுவாக.

"தெரியும். அத எம் பங்குல கட்டக் கூடாது. என் வாசல்லேருந்து தெக்கால வாசல் வரைக்கும் மூணடி ஏழங்குலம் எனக்கு வேணும். அந்தப் பக்கம் நீ ஏழடி ரெண்டங்குலம், இந்தப் பக்கம் பாய்ஜான் ஏழடி ரெண்டங்குலம். அவங்கவங்க எடத்துல அவங்கவங்க சொவர் கட்டிக்குங்க, கட்டாமப் போங்க. ரெண்டு பக்கமும் கதவு மட்டும் வெச்சிருங்க. நான் எந்தப் பக்கமும் வருவேன்."

"பில்கிஸ்!" என்றார் இஷ்தியாக். கோபம் இல்லை அதில். தெரிந்த ஆளைக் கூட்டத்தில் பார்த்துக் கூப்பிடுவது போல இருந்தது.

படுதாவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. அன்வரியுடையது. "கேக்குறதுல தப்பு இல்லியே. வாணியம்பாடில எங்கண்ணனுங்க கிட்ட நான் கேக்கவே இல்ல. கேக்காததோட நஷ்டம் எனக்குத்தான் தெரியும்."

மனைவி இப்படிப் பேசி இஷ்தியாக் கேட்டதில்லை. அவர் படுதாவைப் பார்த்தார், பூக்கள்தான் தெரிந்தன.

ஹயாத் பாஷாவுக்கு இருப்பதா போவதா என்று தெரியவில்லை. விரல் மடக்கிக் கணக்குப் போட்டுப் படுதாவைப் பார்த்துச் சொன்னார். "அப்போ கம்பளம் ரெண்டு, சொவரு போக ஒவ்வொண்ணும் அகலம் ஆறடி. நடுவுல பட்டைக்கு, பஹன்? நீளமா ஒரு சின்னக் கம்பளம் நெய்ஞ்சு தரலாம்."

"வேணாம், பாஷா சாகிப். அது நடக்கிற எடம். ஈரக் காலோட வருவாங்க, செருப்போட வருவாங்க. மேஸ்திரி, நடுவுல ஒரு பட்டை மட்டும் பேத்து எடுத்துட்டுக் கடப்பைக்கல்லு போடுங்க. நீளவாட்டுல, ஒரே வரிசையா."

"ஆகட்டும்மா" என்றார் மூர்த்தி. இதுதான் அன்று அவருக்குக் கிடைத்த முதல் தெளிவான உத்தரவு.

பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு படுதாவின் ஓரத்திலிருந்து தாள் நீண்டு வந்தது. அடியில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. ஹயாத் பாஷா வாங்கி இஷ்தியாக்கிடம் கொடுத்தார்.

"கூட்டு வீடுன்னா எல்லாரும் கையெழுத்துப் போடாம நான் பாவு ஏத்தறதில்ல. ஒரு தரம் பட்டிருக்கேன். கம்பளம் நெய்ஞ்சு கொண்டுபோனேன், நடுவுல வேலி போட்டிருந்தாங்க."

இஷ்தியாக் நின்றபடியே தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படிக்கக்கூட இல்லை. நிசாரிடம் நீட்டினார். நிசார் படித்தார். மறுபடி படித்தார். மடித்து ஹயாத் பாஷாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நான் போடல. இப்போ போடல."

"தறி சனிக்கெழம சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்கும்" என்றார் ஹயாத் பாஷா. "அப்புறம் ஆற்காட்டு ஆளுங்க கேட்டிருக்காங்க." மாதிரித் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு ஜட்காவில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். மூர்த்தியும் அளவுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினார்.

படுதாவை விலக்கிக்கொண்டு பில்கிஸ் ஹாலுக்கு வந்தாள். முகத்தில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. தரையில் சிதறிக் கிடந்த ரோமப் பிசிறுகளைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

"ஆபா" என்றார் நிசார். குடையைத் தரையில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இன்னிக்கு ஹாலு. ஷாப்பு இருக்குற நெலமும் அப்பாஜான் வாங்குனதுதான். அதுலயும் அஞ்சுல ஒண்ணா?"

இஷ்தியாக் சட்டென்று நிமிர்ந்தார். அவருக்கு அந்தக் கணக்கு இதுவரை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அறைக்குள் அன்வரியின் வளையல் சத்தம் நின்றது.

பில்கிஸ் கடைசிப் பிசிறையும் எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டாள்.

"அத நான் இன்னும் கேக்கல, நிசார்."